78,000 ரூபாய் கேமிங் பிசி கொட்டேஷன்: எதை வெட்டலாம், எதுல கை வைக்கக்கூடாது?

2026 ஜனவரில ஒரு ஞாயித்துக்கிழமை என் சித்தி பையன் வீட்டுக்கு வந்தான். கையில ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடையில எழுதி வாங்கின கொட்டேஷன். "அண்ணா, மொத்தம் 78,000. நோ காஸ்ட் இஎம்ஐ இருக்காம். மாசம் 6,500தான். போட்டுடட்டுமா?"

அவன் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகுது. கைக்கு வர்ற சம்பளம் 34,000. ரூம் வாடகையில அவன் பங்கு 7,000. சாப்பாடு, பெட்ரோல், போன் எல்லாம் சேர்த்து 9,000. தங்கச்சி காலேஜ் செலவுக்கு வீட்டுக்கு 8,000. பைக் டியூ 3,400. எல்லாம் போக மிஞ்சுறது 6,600. அதுல 6,500 இஎம்ஐ. ஆக, அடுத்த ஒரு வருஷத்துக்கு மாசக் கடைசியில அவன் கையில நிக்கப்போறது 100 ரூபாய். பேங்க்ல இருப்பு எவ்வளவுன்னு கேட்டேன். 11,000 சொன்னான்.

"வேணாம்டா"ன்னு ஒரே வார்த்தையில சொல்லியிருக்கலாம். ஆனா அவன் காலேஜ் நாள்லேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கிற ஒரே பொருள் இதுதான். சொந்தமா சம்பாதிக்கிறவன் ஆசைப்பட்டதை வாங்கக்கூடாதுன்னு சொல்ற ஆள் நான் இல்ல. அதனால அந்தப் பேப்பரை வெச்சுக்கிட்டு ரெண்டு பேரும் வரி வரியா உக்காந்து பார்த்தோம். அந்தக் கணக்கைத்தான் இங்க எழுதுறேன். விலையெல்லாம் அன்னிக்கு எங்களுக்குச் சொன்னது, இல்லன்னா தோராயமா போட்டது. நீங்க போற அன்னிக்கு மாறியிருக்கும்.

முதல்ல அந்த "நோ காஸ்ட்"

நோ காஸ்ட் இஎம்ஐல பேங்க் வட்டியை விட்டுக்கொடுக்கறது இல்ல. வட்டி எவ்வளவு வருமோ அதைத் தள்ளுபடின்னு விலையில கழிச்சிடுவாங்க. மிச்சத்தைக் கடனாக் கொடுத்து வட்டியோட சேர்த்து வசூல் பண்ணுவாங்க. வருஷத்துக்கு 16% வட்டின்னு வெச்சுக்குவோம். 12 மாசம், மாசம் 6,500 கட்டினா, அதுல அசல் சுமார் 71,640, வட்டி சுமார் 6,360. அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. அது சுமார் 1,145 ரூபாய், நம்ம தலையில. ப்ராசஸிங் ஃபீஸ் 199ன்னா அதுக்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. இது தவிர கார்டுல தேய்ச்சா 2% எக்ஸ்ட்ரான்னு கடைக்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அது 1,560. எல்லாம் கூட்டினா 2,900 ரூபாய் கிட்ட. காஸ்ட் இல்லாத இஎம்ஐயோட காஸ்ட் அது.

2,900 பெரிய விஷயம் இல்லன்னு தோணலாம். எனக்கும் அது பெரிய கவலை இல்ல. ஒரு மாசம் பைக் ரிப்பேர் ஆகி 3,000 இழுத்துச்சுன்னா என்ன ஆகும்? கார்டு பில்லை முழுசா கட்ட முடியாது. அங்க போயி மாட்டினா வட்டி மாசத்துக்கே 3%, 3.5%னு போகும், லேட் ஃபீஸ் தனி. 100 ரூபாய் மிச்சத்துல வண்டி ஓட்டுறவனுக்கு இது நடக்க ஒரு வருஷத்துல பன்னெண்டு சான்ஸ் இருக்கு.

என்ன கேம்? எந்த மானிட்டர்?

பார்ட்ஸ் பக்கம் போறதுக்கு முன்னாடி இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் வேணும். அவன் தினமும் ஆடுறது வேலரன்ட். அப்பப்போ ஜிடிஏ 5. ஆட ஆசைப்படுறது ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. மானிட்டர் ஏற்கெனவே இருக்கு. வீட்லேர்ந்து வேலை பார்க்க வாங்கின 24 இன்ச், 1080பி, 100 ஹெர்ட்ஸ். அதாவது செகண்டுக்கு 100 ஃப்ரேமுக்கு மேல கம்ப்யூட்டர் வரைஞ்சு தள்ளினாலும் அந்த ஸ்கிரீன் காட்டப்போறது 100தான். இதுக்கு மேல எதுக்குப் பணம் கொடுக்கறோம்னு ஒவ்வொரு வரியிலயும் கேட்டுக்கிட்டோம்.

"ஜிடிஏ 6 வருதே அண்ணா"ன்னான். வருது. ஆனா பிளேஸ்டேஷன் 5க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரீஸுக்கும்தான் அறிவிச்சிருக்காங்க. பிசிக்கு தேதியே சொல்லல. பழைய கதையைப் பாருங்க: ஜிடிஏ 5 கன்சோலுக்கு 2013 செப்டம்பர்ல வந்துச்சு, பிசிக்கு 2015 ஏப்ரல்ல. ரெட் டெட் 2 கன்சோலுக்கு 2018 அக்டோபர், பிசிக்கு 2019 நவம்பர். வராத கேமுக்காக இன்னிக்கு கார்டு வாங்கறதும், பிறக்காத குழந்தைக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கறதும் ஒண்ணுதான்.

கொட்டேஷன்ல என்ன இருந்துச்சு

ரைசன் 7 5700எக்ஸ் ப்ராசஸர். 32 ஜிபி ஆர்ஜிபி ரேம். 240 எம்எம் லிக்விட் கூலர், 6,500. கண்ணாடி கேபினெட்டும் கலர் கலரா எரியற ஆறு ஃபேனும் சேர்த்து 7,500. ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 17,500. கடைசி வரியில "எஸ்எம்பிஎஸ் 600 வாட்", 1,800. பிராண்ட் பேர்கூட எழுதல.

இதுல கூலருக்கும் கேபினெட்டுக்கும் மட்டும் 14,000. கேமை நிஜமா வரையற கார்டுக்கு மொத்தத்துல கால் பங்குகூட இல்ல. பார்க்கற கண்ணுக்காகப் போட்ட கொட்டேஷன் இது. பெரும்பாலான "ரெடி பேக்கேஜ்" கொட்டேஷன் இப்படித்தான் இருக்கும், ஏன்னா கடையில நம்ம கண்ணுல முதல்ல படறது லைட்டுதான்.

5700எக்ஸ் நல்ல ப்ராசஸர், எட்டு கோர். ஆனா கேம்ல ஒவ்வொரு ஃப்ரேமையும் ப்ராசஸர் தயார் பண்ணிக் கொடுக்க, கார்டுதான் வரையணும். பந்தியில பரிமாற ஒரே ஆள் இருக்கும்போது சமையல்கட்டுல எட்டு மாஸ்டர் நின்னு என்ன பிரயோஜனம்? இந்த பட்ஜெட்டுக்கு ஆறு கோர் ரைசன் 5 5600 போதும். இன்டெல்ல 12400எஃப், இன்னும் இறங்கினா நாலு கோர் 12100எஃப். 5700எக்ஸ் பெட்டியில கூலர் வராது, 5600 பெட்டியில வரும். லிக்விட் கூலரெல்லாம் 65 வாட் ப்ராசஸருக்குத் தேவையே இல்ல. அந்த ஒரு வரியை அடிச்சதும் 6,500 மிச்சம்.

கார்டுல ஒரு பேர்க்குழப்பம் இருக்கு, அதுல நிறைய பேர் ஏமாறுறாங்க. ஆர்டிஎக்ஸ் 3050ன்னு ரெண்டு இருக்கு. 8 ஜிபி ஒண்ணு, 6 ஜிபி ஒண்ணு. மெமரி மட்டும்தான் கம்மின்னு நினைச்சுக்குவோம். 6 ஜிபி கார்டுல கோர் எண்ணிக்கையும் கம்மி, 2560க்கு பதிலா 2304. அது மோசமான கார்டு இல்ல. 70 வாட்லயே ஓடும், தனியா பவர் வயர் வேண்டாம், அதுக்குன்னு ஒரு இடம் இருக்கு, பின்னாடி சொல்றேன். ஆனா புதுசா அசெம்பிள் பண்றவன் அதே காசோட கொஞ்சம் சேர்த்தா ஆர்எக்ஸ் 6600 கிடைக்கும். 8 ஜிபி, 132 வாட், 1080பிக்கு தெளிவாவே வேகம் அதிகம். அது ஸ்டாக் இல்லன்னா ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 5050 பக்கம் போகலாம். இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபி மெமரியோட வந்து ஆசை காட்டும். ஆனா ரீசைசபிள் பார் வசதி இல்லாத பழைய போர்டுல அதோட வேகம் கணிசமா விழும்.

அப்புறம் ஜிடி 730. "4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு"ன்னு சொல்லி இன்னும் விக்கறாங்க. அது 2014ல வந்த கார்டு. மானிட்டர்ல படம் வர்றதுக்கு வேணா உதவும். எத்தனை ஜிபின்னு மட்டும் கேட்டுட்டு கார்டு வாங்காதீங்க.

எஸ்எம்பிஎஸ்: இதுல மட்டும் கஞ்சத்தனம் கூடாது

நானே பட்டிருக்கேன். சில வருஷம் முன்னாடி 1,100 ரூபாய்க்கு ஒரு எஸ்எம்பிஎஸ் போட்டேன். ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போய்ட்டு வந்தப்போ "டப்"னு ஒரு சத்தம். அது தனியாப் போகல, மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்கையும் கூட்டிக்கிட்டுப் போச்சு. ரெண்டாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் பத்தாயிரம் தண்டம்.

ரேம் போனா ரேம்தான் போகும். எஸ்எம்பிஎஸ் போனா என்னென்ன போகும்னு சொல்ல முடியாது. அதனால இதை பார்ட்ஸ் செலவாப் பாக்காம இன்சூரன்ஸ் பிரீமியமாப் பாருங்க.

எப்படி செக் பண்றது? பக்கவாட்டுல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல +12வின்னு ஒரு கட்டம் இருக்கும். அதுக்குக் கீழ எத்தனை ஆம்பியர்னு பாருங்க. அதை 12ஆல பெருக்குங்க. ப்ராசஸரும் கார்டும் இழுக்கறது இந்த லைன்லேர்ந்துதான். மேல "600 வாட்"னு பெருசா போட்டிருந்து, 12 வோல்ட்ல 25 ஆம்பியர்னு இருந்தா, நமக்கு நிஜமா கிடைக்கறது 300 வாட்தான். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகுதுன்னு சொல்ற சான்றிதழ். அது பாதுகாப்புச் சான்றிதழ் இல்ல. அதோட வாரண்டி வருஷத்தையும் பாருங்க. தயாரிச்சவனே அஞ்சு வருஷம் பொறுப்பேத்துக்கிட்டா, உள்ள என்ன போட்டிருக்கான்னு அவனுக்குத் தெரியும்னு அர்த்தம். 5600ம் 6600ம் சேர்ந்த மெஷினுக்கு நல்ல 550 வாட் தாராளம். 1,800 இருந்த இடத்துல 4,000 எழுதினேன். கொட்டேஷன்ல நான் விலையைக் கூட்டி எழுதின வரி கார்டும் இதுவும்தான்.

யூபிஎஸ் போடறவங்களுக்கு ஒரு வார்த்தை. 600 விஏன்னு விக்கறது 600 வாட் இல்ல, பொதுவா 360 வாட்தான். கேம் ஆடிக்கிட்டே இருக்கும்போது கரண்ட் போனா, சேவ் பண்ணி ஆஃப் பண்ற அளவுக்குத்தான் தாங்கும்.

ரேம்: இந்த வருஷத்து வில்லன்

ஒரு வருஷம் முன்னாடி இந்தக் கட்டுரையை எழுதியிருந்தா ரேமை ரெண்டு வரியில முடிச்சிருப்பேன். 2025 கடைசியிலேர்ந்து நிலைமையே வேற. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் வண்டி வண்டியாப் போகுது. உலகத்துல மெமரி தயாரிக்கிற பெரிய கம்பெனி மூணு: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். மூணு பேருக்கும் லாபம் அங்கதான். 2025 டிசம்பர்ல மைக்ரான், க்ரூஷியல்ங்கிற பேர்ல நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வித்துக்கிட்டிருந்த வியாபாரத்தையே மூடப்போறதா அறிவிச்சிடுச்சு. அதோட விளைவு, 2025 தொடக்கத்துல மூவாயிரத்துச் சொச்சத்துக்கு கிடைச்ச 16 ஜிபி டிடிஆர்4 ரேம், இப்போ ரெண்டு மடங்குக்கு மேல. எஸ்எஸ்டி விலையும் பின்னாடியே ஏறுது.

அதனால ரெண்டு முடிவு எடுத்தோம். ஒண்ணு, 32 ஜிபி வேண்டாம். அவன் ஆடுற கேமுக்கு 16 போதும். அதையும் ஒரே 16ஆ வாங்காம, ரெண்டு 8ஆ வாங்கணும். ரெண்டு குச்சி போட்டாத்தான் ரெண்டு பாதையில டேட்டா ஓடும். ரெண்டு, டிடிஆர்5 மட்டுமே போடக்கூடிய புது ஏஎம்5 போர்டு பக்கம் இப்போ போக வேண்டாம். சாதாரண நாள்னா நானே ஏஎம்5தான் சொல்வேன், பின்னாடி ப்ராசஸர் மாத்திக்க வழி இருக்கு, 2027 வரைக்கும் அதுக்கு மேலயும் சப்போர்ட் பண்றதா ஏஎம்டி சொல்லியிருக்கு. ஏஎம்4 2016ல வந்தது, அந்த ரோடு முடியப்போகுது. ஆனா பட்ஜெட் 60,000க்குள்ளன்னா, எதிர்கால அப்கிரேடுக்காக இன்னிக்கு ரேமுக்கு அள்ளிக் கொடுக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

பழசு வாங்கலாமா?

வாங்கலாம், பொருளைப் பொறுத்து. "ஐ7 காம்போ 9,000"னு ஒண்ணு சுத்துது. ஐ7ன்னு கேட்டதும் மயங்கிடாதீங்க, எந்தத் தலைமுறைன்னு கேளுங்க. 3770ன்னா 2012ல வந்தது. விண்டோஸ் 11 அதை அதிகாரப்பூர்வமா ஏத்துக்காது, விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. வேலரன்ட் விண்டோஸ் 11ல டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ரெண்டும் இருந்தாத்தான் ஓடும். காசு கொடுத்து வாங்கிட்டு வந்து, ஆட நினைச்ச கேம் திறக்கவே இல்லன்னா என்ன பண்றது?

மாறா, ஐடி கம்பெனிகள் லீஸ் முடிஞ்சு திருப்பிக் கொடுக்கிற ஆபீஸ் டெஸ்க்டாப்புகள் நல்ல வழி. ஐ5 எட்டாம் தலைமுறை, அதுக்கு மேலன்னு பார்த்து எடுங்க, விண்டோஸ் 11 பிரச்சினை இல்ல. அந்தப் பெட்டிகள்ல எஸ்எம்பிஎஸ் சின்னதா இருக்கும், மாத்தவும் முடியாது. அங்கதான் நான் முன்னாடி சொன்ன ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபிக்கு வேலை, பவர் வயர் கேக்காம உக்காந்துக்கும். மெல்லிசு பெட்டின்னா லோ ப்ரொஃபைல் மாடல்னு கேட்டு வாங்கணும். 35,000க்குள்ள முடிக்கணும்கறவங்களுக்கு இது புது அசெம்பிளைவிட நல்லது.

பழைய கார்டுல ஆர்எக்ஸ் 580 கண்ணுல படும். பேருக்குப் பக்கத்துல 2048எஸ்பின்னு இருந்தா அது கோர் குறைச்ச வகை, கிட்டத்தட்ட 570. 2022 செப்டம்பர்ல ஈத்தீரியம் மாறினதும் மைனிங்ல ஓடின கார்டுங்க மொத்தமா சந்தைக்கு வந்துச்சு. மைனிங்ல ஓடினதாலயே ஒரு கார்டு கெட்டதுன்னு ஆயிடாது. வாங்கறதுக்கு முன்னாடி விக்கறவர் மெஷின்லயே அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பாருங்க. ஓட்டிக் காட்ட மாட்டேன்னா வந்துடுங்க.

பில் இல்லாம வாங்கினா 18% மிச்சம்னு யாராவது சொன்னா, அந்த 18%தான் உங்க மூணு வருஷ வாரண்டின்னு ஞாபகம் வெச்சுக்கோங்க.

கடைசியா என்ன முடிவாச்சு

மெஷினை ரெண்டு தவணையா பிரிச்சோம். எது காத்திருக்கும், எது காத்திருக்காதுன்னு பார்த்தா, கிராபிக்ஸ் கார்டு காத்திருக்கும். எப்போ வேணா ஸ்லாட்ல சொருகலாம். அதனால 5600க்கு பதிலா, உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிற 5600ஜி. அது தனி மெமரி இல்லாம ரேமையே கடன் வாங்கும், அதனால ரெண்டு குச்சி ரேம் இங்க கட்டாயம். 1080பில செட்டிங் குறைச்சா வேலரன்ட் தாராளமா ஓடும், ஜிடிஏ 5 சமாளிக்கும், ரெட் டெட் 2 கார்டு வந்தப்புறம்தான். இதுல ஒரு குறை இருக்கு, மறைக்க மாட்டேன்: 5600ஜில கேஷ் பாதிதான், 32க்கு பதிலா 16 எம்பி, பிசிஐஇயும் பழைய 3.0. பின்னாடி கார்டு போட்டதும் 5600 அளவுக்கு வேகம் வராது. 6600 ரகக் கார்டுக்கு அந்த வித்தியாசம் பெருசா உறுத்தாது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி நாலே லேன்ல ஓடுற கார்டு போட்டா உறுத்தும், அதை மட்டும் தவிர்க்கணும்.

ப்ராசஸர், சாதா போர்டு, 16 ஜிபி, 500 ஜிபி எஸ்எஸ்டி, 550 வாட் எஸ்எம்பிஎஸ், காத்து நல்லா போற 2,500 ரூபாய் கேபினெட். எல்லாம் சேர்த்து 38,000 கிட்ட. கடைக்குக் கட்டறதா இருந்த 6,500ஐ அவன் பேர்லயே ஆர்டி போட்டா ஆறு மாசத்துல 39,000. இன்னும் நாலு மாசம் கட்டினா கார்டு. மொத்தம் 63,000க்குள்ள முடியும், கடன் இல்ல. நடுவுல பைக் படுத்துச்சுன்னா ஒரு மாசம் ஆர்டி தள்ளிப்போகும், அவ்வளவுதான். பேங்க்ல இருக்கிற 11,000ஐ தொடக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டேன்.

கரண்ட் பில்லையும் சேர்த்துக்கோங்க. கார்டு போட்டப்புறம் மானிட்டரோட 300 வாட்னு வெச்சு தினம் மூணு மணி நேரம் ஆடினா, ரெண்டு மாசத்துக்கு 54 யூனிட். ஹவுஸ் ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவுன்னு தனி ரேட் போடற வீடுன்னா ரூம்மேட்டுங்க கிட்ட முன்னாடியே பேசிடறது நல்லது.

பார்ட்ஸை மாசத்துக்கு ஒண்ணா வாங்கிச் சேர்க்கலாமேன்னு கேட்டான். வேண்டாம்னேன். முழு மெஷினும் இல்லாம எதையும் ஓட்டிப் பார்க்க முடியாது, கடையில மாத்திக் கொடுக்கற நாள் போய்டும், வாரண்டியும் பெட்டிக்குள்ளயே ஓடிக்கிட்டிருக்கும். கார்டைத் தவிர மத்ததெல்லாம் ஒரே நாள்ல வாங்கி, அன்னிக்கே கடையில ஆன் பண்ணிப் பார்த்துட்டு வரணும்.

ரேமுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தோம். அவன் ஆபீஸ்ல ஒருத்தர் லேப்டாப்புக்கு மாறினார். அவர் டெஸ்க்டாப்ல இருந்த ரெண்டு 8 ஜிபி டிடிஆர்4, 3200, பில்லோட 4,500 சொன்னார். அவர் வீட்டுக்கே போய், அவர் மெஷின்லயே மெம்டெஸ்ட் ஓட விட்டு, ஒரு எரர்கூட வரலன்னு பார்த்துட்டு வாங்கினான். இப்போ அந்த ரெண்டு குச்சியும் அவன் பீரோல துணிக்கு நடுவுல இருக்கு. ஆர்டில மூணாவது தவணை போன வாரம் போச்சு. கடைக்குப் போறப்போ பயாஸ்ல எக்ஸ்எம்பியை ஆன் பண்ணச் சொல்லி ஞாபகப்படுத்தணும். இல்லன்னா 3200 ரேம் அதுக்குக் கீழ்ப்பட்ட வேகத்துலயே சமர்த்தா ஓடிக்கிட்டிருக்கும், யாருக்கும் தெரியாது.